வாப்பாவின் அணியில் ஆடாத மகன்: மத்தியஸ்தர் ஸையத் ஷாஹித் ஹகீம்

உதைபந்தாட்ட வரலாறு என்றால் கோல் அடித்தவர்களின் வரலாறு என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பேலேயைத் தெரியும், மரடோனாவைத் தெரியும், ஸிதானைத் தெரியும். அதே மைதானத்தில் 90 நிமிடமும் ஓடி, ஒரு தடவைகூடப் பந்தை உதைக்காத அந்த மனிதரின் பெயரைக் கேட்டால் வாயடைத்துப் போகிறோம். அவருடைய பெயர் யாருக்காவது ஞாபகம் இருந்தால், அது பெரும்பாலும் ஏச்சோடு சேர்ந்த ஞாபகமாகத்தான் இருக்கும். 'ஆட ஏலாதவன்தான் விசில் பிடிப்பான்' என்று மைதானத்து ஓரத்தில் நின்று சொல்கிறவர்களும் உண்டு. அந்தப் பேச்சு எவ்வளவு பிழை என்பதற்கு இந்தியாவின் ஸையத் ஷாஹித் ஹகீமுடைய வாழ்க்கை ஒன்றே போதும்.

ஹகீம் 1939 இல் பிறந்த ஹைதராபாத்காரர். தந்தை ஸையத் அப்துல் ரஹீம். இந்திய உதைபந்தாட்டத்தின் பொற்காலம் என்று சொல்லப்படும் காலம் முழுவதும் தேசிய அணியைப் பயிற்றுவித்தவர் அவர். 1951 புதுடில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம், 1956 மெல்பேர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962 ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம் என்று அவர் காலத்தில் கிடைத்த வெற்றிகளை இந்தியா இன்று வரை எட்டிப் பிடிக்கவில்லை. ஜகார்த்தா இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 2-1 என்று வென்றபோது ரஹீம் புற்றுநோயாளி. அடுத்த வருடம் ஜூன் மாதமே வபாத்தானார்.

ரஹீம் ஸாஹிப் தொழிலால் ஒரு பாடசாலை ஆசிரியர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் படித்து, பட்டம் பெற்று, ஹைதராபாத் பாடசாலைகளில் கற்பித்துக்கொண்டே மைதானத்துக்குப் போனவர். வகுப்பறையில் சொந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு படிப்பிப்பது எவ்வளவு சிக்கல் என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். கூடப் புள்ளி போட்டால் ஊர் பேசும். குறைத்துப் போட்டால் வீடு பேசும். ரஹீமுக்கு அந்தச் சிக்கல் ஒலிம்பிக் அளவில் வந்தது.

1960 ரோம் ஒலிம்பிக்குக்கான இந்தியக் குழாத்தில் நடுக்கள வீரராக ஹகீமும் இருந்தார். தெரிவுக்குத் தகுதியில்லாதவர் அல்லர். அதே வருடம் சந்தோஷ் கிண்ணத்தை வென்ற சேர்விசஸ் அணியில் ஆடியவர். ரோமில் இந்தியா ஹங்கேரியிடம் 1-2 எனத் தோற்றது, பிரான்ஸுடன் 1-1 எனச் சமன் செய்தது, பெருவிடம் 1-3 எனத் தோற்றது. மூன்று ஆட்டத்திலும் ஹகீம் களமிறங்கவில்லை. பயிற்றுநர் ஆசனத்தில் வாப்பா, ஆடும் அணிக்கு வெளியே மகன். இரண்டு வருடம் கழித்து ஜகார்த்தாவில் தங்கம் வென்ற குழாத்திலும் அவருக்கு இடம் கிடைக்கவில்லை.

ரஹீம் கொஞ்சம் கடுமையாகத்தான் நடந்துகொண்டாரோ என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அன்றைய நடுக்களத்தில் இருந்த போட்டியையும் பார்க்க வேண்டும். ஆசியாவிலேயே சிறந்த வீரர்கள் குவிந்திருந்த அணி அது. மகனுக்கு ஓர் ஆட்டம் கொடுத்திருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்கவும் மாட்டார்கள். அந்த ஓர் ஆட்டத்தை அவர் கொடுக்கவில்லை. அணித் தெரிவு அமானிதம் என்றால் அதற்கு அர்த்தம் இதுதான்.

ஹகீம் இந்திய விமானப் படையில் சேர்ந்து ஸ்குவாட்ரன் லீடர் தரம் வரை உயர்ந்தார். ஆட்டத்தை விட்ட பிறகு அவர் விசிலைக் கையில் எடுத்து, பீபா சின்னம் பெற்ற சர்வதேச மத்தியஸ்தரானார்.

பீபா சின்னம் ஒருமுறை வாங்கிவிட்டு ஆயுள் முழுக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் பதக்கமல்ல. ஒவ்வொரு நாட்டுச் சங்கமும் வருடா வருடம் பெயர்களை அனுப்ப வேண்டும். அந்தப் பட்டியல் ஒரு வருடத்துக்கே செல்லும். உடற்தகுதிச் சோதனையில் தவறினால் பெயர் போய்விடும். 17 விதிகள் மனப்பாடமாக இருக்க வேண்டும். அதைவிட, விதி எழுதாத இடத்தில் முடிவெடுக்கத் தெரிய வேண்டும். காயம்பட்டவன் பக்கம் பந்து ஓடினால் விசில் ஊதாமல் ஆட்டத்தை விடுவதா, நிறுத்துவதா என்று ஒரு கணத்தில் தீர்மானிக்க வேண்டும். ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் கொடுத்த முடிவை மாற்ற வழியில்லை. ஹகீமின் காலத்தில் காதுக்குள் பேசும் கருவியோ, வீடியோ உதவியோ கிடையாது. ஒரு விசில், ஒரு கைக்கடிகாரம், இரண்டு அட்டை, ஓரத்தில் இரண்டு கொடிகள், அவ்வளவுதான்.

1988 டிசம்பரில் கத்தாரில் ஆசியக் கிண்ணப் போட்டி நடந்தது. இந்திய அணி அதற்குத் தகுதி பெறவில்லை. 1984 இல் ஆடிய இந்தியா, அடுத்து ஆசியக் கிண்ணத்தைக் கண்டது 2011 இல்தான். ஆனால் 1988 இல் இந்தியர் ஒருவர் தோஹா மைதானத்தில் நின்றார். கையில் விசிலோடு நின்ற ஹகீமே அவர். ரோமில் களமிறங்காத மனிதர் ஐம்பதை நெருங்கும் வயதில் ஆசியாவின் முதல்தர மைதானத்தில் ஓடினார். தன் நாடு போகாத இடத்துக்கு ஒரு மத்தியஸ்தர் போக முடியும் என்பதை இது காட்டுகிறது.

இந்த வரிசையில் அவர் தனியாள் இல்லை. 1974 உலகக் கிண்ணத்தில், ஜூன் 19 அன்று மூனிச்சில் போலந்து ஹெய்ட்டியை 7-0 என்று வென்ற ஆட்டத்தை நடத்தியவர் சிங்கப்பூர்த் தமிழர் கோவிந்தசாமி சுப்பையா. அதே உலகக் கிண்ணத்தில்தான் துருக்கியரான டோகன் பாபகான், சிலி வீரர் கஸெலிக்கு உலகக் கிண்ண வரலாற்றின் முதலாவது சிவப்பு அட்டையைக் காட்டினார். 2002 இல் சென்னையைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் உதவி மத்தியஸ்தராகப் போனார்.

1998 இறுதிப் போட்டியை நடத்தியவர் மொறோக்கோவின் ஸயீத் பெல்கோலா. உலகக் கிண்ண இறுதிப் போட்டிக்குப் பிரதான மத்தியஸ்தராக நின்ற முதல் ஆபிரிக்கர் அவர், தொழிலால் சுங்க அதிகாரி. பிரான்ஸ் தன் சொந்த மண்ணில், பாரிஸ் நகருக்குப் பக்கத்தில், பிரேசிலுடன் ஆடிக்கொண்டிருக்கும்போது, இரண்டாவது மஞ்சள் அட்டை வாங்கிய பிரான்ஸ் வீரர் டெசாய்யை 68 ஆவது நிமிடத்தில் வெளியே அனுப்பினார். மைதானம் முழுக்க யாருடைய ஆட்கள் என்று அவர் பார்க்கவில்லை. நான்கு வருடத்தில், 45 வயதில், நோயால் இறந்து போனார்.

ஹகீம் விசிலை வைத்த பிறகும் மைதானத்தை விட்டு ஒதுங்கவில்லை. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியிலேயே பி. கே. பானர்ஜியுடன் தேசிய அணியின் உதவிப் பயிற்றுநராக இருந்தவர் அவர். 1998 இல் மஹிந்திரா அணி டூரண்ட் கிண்ணத்தை வென்றபோது அதன் பயிற்றுநரும் அவரே. 2017 இல் இந்தியா நடத்திய 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்துக்காக இளம் வீரர்களைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் அவரிடம் வந்தது. அதே வருடம் தயான் சந்த் விருது கொடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 22 அன்று, 82 வயதில், குல்பர்காவில் காலமானார். தந்தையின் கதை 'மைதான்' என்ற ஹிந்திப் படமாக 2024 இல் வந்தது. அதைப் பார்க்க மகன் இல்லை.

இதை நமது சஞ்சிகையில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். திருகோணமலைத் துறைமுகத்தில் பிரித்தானியக் கடற்படை இருந்த காலம் தொட்டு இந்த மாவட்டத்தில் உதைபந்து உருளுகிறது. மக்கெய்ஸர் மைதானத்தில் இருந்து கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை வரை கழகம் இல்லாத ஊர் எது? கழகம் இருக்கிற ஊரில் எல்லாம் ஒரு விசில்காரரும் இருந்திருப்பார். பெருநாள் சுற்றுப்போட்டியில் இரண்டு ஊர்ப் பொடியன்கள் மோதும்போது, இரண்டு பக்கத்து ஏச்சையும் கேட்டுக்கொண்டு, ஆட்டம் முடிந்ததும் சைக்கிளில் தனியாக வீடு போனவர். தன் மச்சானுடைய மகனுக்கே சிவப்பு அட்டை காட்டிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளியில் அதே மச்சானுக்குப் பக்கத்து ஸஃப்பில் நின்றவர்.

அப்படிப்பட்டவர்களின் பெயர்கள் எந்தப் புத்தகத்திலும் இல்லை. யுத்தமும் 2004 சுனாமியும் கழகங்களின் பழைய ஏடுகளையும் புகைப்படங்களையும் கொண்டுபோயின. மிச்சம் இருப்பது வயதானவர்களின் ஞாபகம் மட்டும். ரஹீமையும் ஹகீமையும் பற்றி இன்று எழுத முடிகிறதென்றால் யாரோ அன்று குறித்து வைத்தார்கள் என்பதால்தான். வெற்றிக் கிண்ணத்தோடு நிற்கும் படத்தைத் தேடுகிற நாம், அந்தப் படத்தின் ஓரத்தில் கறுப்புச் சட்டையோடு நிற்பவர் யார் என்றும் கேட்டுப் பெயரை எழுதி வைக்க வேண்டும். உயர்தர மாணவர்களிடம் தவணை விடுமுறைக்கு இந்த ஒரு வேலையைக் கொடுத்தாலே போதும். ஊருக்குள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு விடுவோம்.