வெள்ளைச் சேலையில் ஒரு சபதம்

கொடுமுடியில் 1908இல் பிறந்த கே.பி.சுந்தராம்பாள், கொழும்பு நாடக மேடையில் எஸ்.ஜி.கிட்டப்பாவோடு இணைந்து புகழ்பெற்றார், அவரையே மணந்தார். 1933இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. வெள்ளைச் சேலை உடுத்தினார். இனி எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று சபதம் செய்தார்.

விதவைக்கு வீட்டு மூலையை ஒதுக்கிய காலம் அது. நடிப்புத் தொழில் அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடிந்ததா?

1935இல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமேற்று நந்தனாராகவே நடித்தார். ஊதியம் 1 லட்சம் ரூபாய்! சென்னை சட்ட மேலவை உறுப்பினரும் ஆனார். 1953இல் ஜெமினியின் ‘ஔவையார்’ வந்தது. 1970இல் பத்மஸ்ரீ விருது. 1980இல் காலமானார்.

சபதம் கடைசிவரை நின்றது, கலையும் நின்றது. கொடுமுடி முதல் கிள்ளான் வரை, ஔவை என்றதும் தமிழர் பலருக்கு நினைவில் வருவது அம்மையாரின் முகம்தானே!