கொச்சியிலிருந்து ஒரு கப்பல், சென்னையிலிருந்து ஒரு கப்பல்

மட்டாஞ்சேரியில் ஒல்லாந்தர் அரண்மனையைக் காண வருவோர் பலர். 1663இல் கொச்சியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றிய அதே ஒல்லாந்தக் கம்பெனி, அதற்குப் பதினோர் ஆண்டுகள் முன்னரே ஆப்பிரிக்காவின் தென்முனையில் குடியேற்றம் ஒன்றை நிறுவியிருந்தது என்பதை நினைப்போர் சிலரே. இவ்விரு துறைமுகங்களுக்கும் இடையே மிளகு மட்டும் செல்லவில்லை, மனிதர்களும் சென்றனர்.

1652 முதல் 1808 வரை தென்முனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அடிமைகள் ஏறத்தாழ 63,000 பேர் என்றும், அவர்களுள் நான்கில் ஒரு பங்கினர் இந்தியத் துணைக்கண்டத்தினர் என்றும் ஆய்வாளர் மதிப்பிடுவர். ஆவணங்களில் அவர்கள் ‘ஃபான் மலபார்’, ‘ஃபான் கோரமண்டல்’ என்றே குறிக்கப்பட்டனர். முதற்பெயரைப் பெரும்பாலும் எசமானரே சூட்டினார். அக்கால ஐரோப்பியர் தமிழையும் ‘மலபார் மொழி’ என்றே வழங்கியதால், அப்பெயரைக் கொண்டு ஒருவர் மலையாளியா தமிழரா எனப் பிரித்தறியவும் இயலாது. திராட்சைப் பண்ணைகளுக்கு இங்கொருவர் அங்கிருவராகச் சிதறடிக்கப்பட்டனர். பெண்கள் மிகக் குறைவு. சில தலைமுறைகளில் மொழி மறைந்தது.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பனை அடைந்தது. 1911 வரை நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மூன்றில் இரு பங்கினர் சென்னை வழியே சென்றோர். கரும்புத் தோட்டங்களில் அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. சவுக்கடியும் கூலிப்பிடித்தமும் அங்கும் உண்டு. எனினும் அவர்கள் சமூகமாயினர். ஏன்?

காரணங்கள் மூன்று. ஒரே தோட்டத்தில் பலர் சேர்ந்திருந்தனர். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் செல்ல வேண்டும் என்று பின்னர் விதி ஏற்பட்டதால் குடும்பங்கள் உருவாயின. ஒப்பந்தம் ஐந்தாண்டில் முடிந்தது. முடிந்தபின் பலர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் காய்கறி பயிரிட்டனர். கூடையில் சுமந்து விற்றனர். கையில் சிறிது காசு சேர்ந்ததும் கோயில் எழுந்தது. மவுண்ட் எட்ஜ்கோம்பில் கிறிஸ்தப்ப ரெட்டி எழுப்பிய விநாயகர் கோயில் 1898ஆம் ஆண்டினது. இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழாவோ ஈஸ்டர் விடுமுறையில் நடைபெறலாயிற்று. தோட்டத்தில் விடுப்புக் கிடைக்கும் நாளே அம்மனுக்கும் உகந்த நாளாயிற்று. முகரம் ஊர்வலத்தில் இந்துக்களும் திரளாகக் கலந்துகொண்டனர்.

இவ்வாறு வேரூன்றியதையே வெள்ளையர் அரசு அஞ்சியது. ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாதோர் மீது ஆண்டுக்கு மூன்று பவுன் வரி விதிக்க 1895இல் சட்டம் இயற்றியது. 1913இல் சுரங்கத்திலும் கரும்புக்காட்டிலும் ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். சிறை சென்று நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரியில் உயிர்நீத்தார். அவ்வாண்டே வரி ஒழிந்தது.

நேட்டாலிலும் தமிழ்ப் பேச்சு தேய்ந்துவிட்டது. ஆயினும் ‘கவுண்டர்’ எழுத்தர் கையில் ‘கோவெண்டர்’ ஆகவும், ‘முதலியார்’ ‘மூட்லி’ ஆகவும் திரிந்து இன்றும் வழங்குகின்றன. திரிந்த பெயரைப் பின்பற்றி ஊரைத் தேடிவர முடியும். ‘ஃபான் மலபார்’ என எழுதப்பட்டவரின் வழித்தோன்றலுக்கோ, ஒரு கடற்கரை முழுவதுமே முகவரி. கொச்சித் துறைமுகத்தின் வரலாற்றை எழுதும்போது மிளகோடு அவர்களையும் எழுத வேண்டும்.