இரட்டைப்படை எண்கள்

பெல்ஜியத்தில் லூவேன்-லா-நெவ் என்ற ஊரில் 1983இலிருந்து இரண்டு வருஷம் மாணவனாக இருந்தேன். என்னைவிடப் பதினாறு வயது சின்ன ஊர். 1971 பிப்ரவரியில் வயல்வெளியில் அரசர் அடிக்கல் நாட்டினார். 1972இல் முதல் மாணவர்கள் வந்தார்கள். பெரிய கான்கிரீட் தளம் போட்டு அதன்மேல் ஊரை வைத்திருக்கிறார்கள். கார்களும் ரயிலும் அடியில், மனிதர்கள் மேலே. தெருக்கள் மட்டும் பழைய ஊர் மாதிரி குறுகி வளைந்திருக்கும். திட்டமிட்டவர்களில் ஒருவரான ரேமோன் லெமேர், பழைய லூவேனில் ஒரு மத்தியகாலக் குடியிருப்பைப் புதுப்பித்தவர். விட்டுவந்த ஊரின் ஞாபகம் அவர் கையில் இருந்திருக்கலாம்.

விட்டுவந்தார்கள் என்பதா, விரட்டப்பட்டார்கள் என்பதா? என் சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

லூவேன் சர்வகலாசாலை 1425இல் ஏற்பட்டது. ஊர் இருப்பது டச்சு பேசும் பிரதேசத்தில். அவர்கள் வாயில் அது லேவன். 1830இல் உண்டான பெல்ஜியத்தில் அரசாங்கம், நீதிமன்றம், உயர்கல்வி எல்லாம் பிரெஞ்சில். ஃப்ளெமிஷ்காரர்கள் எண்ணிக்கையில் அதிகம், மரியாதையில் குறைவு. சட்டங்களில் டச்சுக்குச் சம அந்தஸ்து வந்தது 1898இல்தான். கென்ட் சர்வகலாசாலை முழுக்க டச்சுக்கு மாறியது 1930இல். லூவேனில் இரண்டு மொழியிலும் வகுப்புகள் நடந்துகொண்டிருந்தன. 1966 மே மாதம், சர்வகலாசாலை பிரியாது என்று பிஷப்புகள் அறிவித்ததும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். 'வாலூன்கள் வெளியே' என்பது கோஷம். 1968 பிப்ரவரியில் மந்திரிசபையே விழுந்தது. சர்வகலாசாலை இரண்டானது. பிரெஞ்சுப் பாதி, மொழி எல்லைக்கு இந்தப்பக்கம் வந்து கட்டிக்கொண்ட ஊரில்தான் எனக்கு அறை கிடைத்தது.

அறைக்கு அங்கே 'கொட்' என்று பெயர். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சில் இந்தச் சொல் கிடையாது. விசாரித்தால், அது டச்சு. கோழிக்கூண்டு, பன்றிக்குடிசை, அப்புறம் மாணவன் அறை. (நம் கொட்டிலைக் கொண்டுபோய் ஒட்டவேண்டாம்; வெறும் ஒலி ஒற்றுமை.) வெளியே போ என்றவர்களின் சொல்லையே மூட்டையில் கட்டிவந்து, பிரெஞ்சு விகுதி சேர்த்து, 'கொட்டே' என்று ஒரு வினைச்சொல்லும் செய்துகொண்டிருந்தார்கள். இது யாருக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை.

என் கொட்டில் எட்டுப் பேர். ஒரே சமையலறை; குளிர்பெட்டியில் ஆளுக்குப் பாதித் தட்டு. என் பாதியில் தயிர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லோரும் அழுக்குத்துணிப் பெட்டியோடு ரயிலேறி அம்மாவிடம் போய்விடுவார்கள். ஞாயிறு இரவு துவைத்த துணியும் டப்பாவில் குழம்புமாகத் திரும்புவார்கள். நடுவில் ஊர் வெளிநாட்டாருடையது: அப்போது ஜயர் என்று பெயர் கொண்டிருந்த காங்கோவிலிருந்து வந்தவர்கள், தென் அமெரிக்கர்கள், நான். அந்த இரண்டு நாள் தெருவில் கேட்ட பிரெஞ்சு பெரும்பாலும் ஒருவருக்கும் தாய்மொழி இல்லை.

ஒரு ஞாயிறு இரவு, கூட இருந்த பெண் ஒருத்தி தன் அப்பாவின் கதையைச் சொன்னாள். அவர் 68இல் லூவேனில் மாணவர். கடைக்குப் போனால் வாய்திறக்கப் பயமாம். ஜன்னலுக்குக் கீழே கூட்டம் கத்திக்கொண்டு போகுமாம். நான் அனுதாபத்தோடு தலையாட்டினேன். பாத்திரம் கழுவும்போதுதான் உறைத்தது. 1965 ஜனவரியில் பத்து வயதில் அண்ணன்களின் பின்னால் இந்தி ஒழிக என்று தொண்டை கட்டக் கத்திக்கொண்டு போனவன் நான். அவள் கதையில் எனக்கு இடம் ஜன்னலுக்குக் கீழே. இரண்டும் ஒன்றல்ல என்று எனக்கே வாதாடிக்கொண்டேன்: நாங்கள் யாரையும் ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. ஆனால் ஜன்னலுக்கு மேலே இருந்தவர்களுக்கு அந்த வித்தியாசம் கேட்டிருக்குமா? அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

லூவேன் நூலகத்தை 1914 ஆகஸ்டில் ஜெர்மன் சேனை கொளுத்தியது. 1940 மே மாதம் மறுபடி எரிந்தது. மூன்றாம் முறை நெருப்பு தேவைப்படவில்லை. அலமாரி எண் ஒற்றைப்படையானால் அங்கே, இரட்டைப்படையானால் இங்கே என்று பங்கு போட்டார்கள். சொத்துப் பாகத்தில் இதைவிட நியாயமான முறை இருக்கமுடியாது. இதைவிடப் பைத்தியக்காரத்தனமானதும் இருக்கமுடியாது. ஒரே விஷயத்தைப் பற்றிய பக்கத்துப் பக்கத்துப் புத்தகங்கள் இரண்டு ஊரில் உட்கார்ந்திருந்தன. எனக்கு வேண்டியதற்கு எப்போதும் ஒற்றைப்படை எண்.

ஒத்திஞ்ஞியில் ரயில் மாறிப் போகவேண்டும். பாதி வழியில் கண்டக்டரின் அறிவிப்பு பிரெஞ்சிலிருந்து டச்சுக்கு மாறும். சட்டம் அப்படி. வெளியே அதே வயல், அதே மாடு. நூலகத்தில் நான் பழக்கதோஷத்தில் பிரெஞ்சில் கேட்டேன். அந்த மனிதர் இங்கிலீஷில், அன்பாகவே பதில் சொன்னார். மறுநாள் வீட்டில் ஒத்திகை பார்த்த ஒரே ஒரு டச்சு வாக்கியத்தோடு போனேன். அதற்கும் இங்கிலீஷில்தான் பதில் வந்தது. ஆனால் புத்தகத்தை எழுந்துபோய் எடுத்துவந்து கொடுத்தார்.

அன்று ராத்திரி சமையலறையில் எங்கே போயிருந்தாய் என்று அந்தப் பெண் கேட்டாள். லேவன் என்றேன்.

"லூவேன்" என்று திருத்திவிட்டு, உருளைக்கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள்.