கயிறு இழுத்துக் கடைந்த செப்புச் சாமான்

தயிர் கடையும் மத்து, பூரிக்கட்டை, தொட்டில் குச்சி எல்லாம் சுழலும் மரத்தில் உளி வைத்து உருவாக்கப்படுபவை. இந்த வேலைக்குத் தமிழில் கடைசல் என்று பெயர். திருநெல்வேலி மாவட்டத்தின் அம்பாசமுத்திரம், சிறுமிகள் சமைத்து விளையாடும் மரச் செப்புச் சாமான்களுக்குப் பேர்போன ஊர்.

மோட்டார் வருவதற்கு முன் கடைசலுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டனர். ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுப்பார், மற்றவர் உளி பிடிப்பார். மரம் உளியை நோக்கிச் சுழலும்போதுதான் வெட்டு விழும். எதிர்ப்பக்கம் திரும்பும்போது உளியைச் சற்றே விலக்க வேண்டும். இந்தத் தாளம் கைக்கு வரத்தான் நாளாகும். இங்கிலாந்தின் ஹை விக்கம் காடுகளில் நாற்காலிக் கால் கடைந்தவர்களும் இப்படித்தான். கயிற்றைக் காலால் மிதிப்பார்கள், வளைந்த கொம்பு அதைத் திரும்ப இழுக்கும்.

முதலில் குழி உளியால் உருட்டி, பிறகு தட்டை உளியால் வழவழப்பாக்குவர். அளவுக்குக் கவராயம் உண்டு. பழகியவருக்குக் கண்ணே போதும்.

நிறம் ஏற்றுவதுதான் அழகு. சாயம் கலந்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தில் அழுத்தினால், உராய்வுச் சூட்டில் அரக்கு இளகிப் படியும். தாழை மடலால் தேய்த்தால் பளபளக்கும். கர்நாடகத்தின் சென்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தில் இதே முறையில் பொம்மை செய்கிறார்கள்.

மோட்டார் ஒரே பக்கம் சுழல்வதால் இன்று ஒருவரே போதும். கயிறு இழுத்தவரின் வேலை போய்விட்டது. குழந்தை வாயில் வைக்கும் பொருள் என்பதால், வாங்கும்போது பூச்சு அரக்கா பெயிண்டா, கலந்த சாயம் எது என்று கேட்பது நல்லது.