சாம்பல் நாய்க்குச் சிவப்பு நகம்

கலர் படம் என்றால் விளம்பரம், குடும்ப ஆல்பம். கலை என்றால் கறுப்பு வெள்ளை. அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் வெகுகாலம் இப்படித்தான் நம்பினார்கள். 1976இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் வில்லியம் எகில்ஸ்டனின் வண்ணப் படங்களைச் சுவரில் மாட்டியபோது, விமர்சகர்கள் வரிந்துகட்டிக்கொண்டு திட்டினார்கள். அந்தக் காலத்தில் நாய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்த இன்னொரு வில்லியத்தின் கதை இது.

வில்லியம் வெக்மன் 1970இல் கலிபோர்னியாவில் ஓவிய ஆசிரியர். வைமரானர் இனக் குட்டி ஒன்றை வாங்கி, மேன் ரே என்று ஒரு மூத்த கலைஞரின் பெயரையே அதற்கு வைத்தார். குட்டி கேமரா முன்னால் வந்து நின்றது. நின்றதோடு, சொன்னபடி அசையாமலும் இருந்தது. பத்தாண்டுக்கு மேல் அவருடைய படங்களிலும் வீடியோக்களிலும் கதாநாயகன் அதுதான். ஒரு வீடியோவில், நாய் எழுதிய தேர்வில் எழுத்துப் பிழை இருப்பதாக வெக்மன் பொறுமையாக விளக்குவார். நாயும் தலையைச் சாய்த்துக் கேட்கும்.

எல்லாம் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. அதில் குறையும் தெரியவில்லை. வைமரானர் தலை முதல் வால் வரை சாம்பல் நிறம். கலரில் எடுத்தாலும் சாம்பல்தானே? கேமராவின் ஒளிமானிக்கும் இது தோதான நாய். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்று எண்ணிக் கணக்குப் போடுவதுதான் அதன் வேலை. அதனால்தான் சட்டம் முழுக்கக் கறுப்பு லாப்ரடார் இருந்தால் வெளுத்து விழுகிறது, வெள்ளை ராஜபாளையம் இருந்தால் அழுக்காகிவிடுகிறது. மேன் ரேயிடம் அந்தத் தொல்லை இல்லை.

எழுபதுகளின் கடைசியில் போலராய்டு நிறுவனம் வெக்மனைக் கூப்பிட்டது. உடனடிப் படத்துக்கு வழி கண்ட எட்வின் லேண்டின் நிறுவனம். எடுத்த படத்தை ஏன் இப்போதே பார்க்க முடியாது என்று அவருடைய சின்ன மகள் கேட்டதில் பிறந்த யோசனை அது, ஆண்டு 1943. வெக்மன் பிறந்ததும் அதே ஆண்டுதான். நிறுவனம் தந்த கேமரா ஆளுயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை, சக்கரம் வைத்த தாங்கியில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். படம் 20 அங்குலத்துக்கு 24 அங்குலம். பிலிமை இழுத்து, ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து, மேல்தாளை உரித்தால் முழுப் படமும் கையில். பெரிதாக்கும் வேலையும் இல்லை, இருட்டறையில் சரிக்கட்டும் வசதியும் இல்லை. அதற்கான பிலிமோ கலர் பிலிம்.

சாம்பல் நாயை வைத்துக்கொண்டு கலரில் என்ன செய்வது? 1979இல் வெக்மன் கண்ட வழி, மேன் ரேயின் கால் நகங்களுக்குச் சிவப்பு நகப்பூச்சு. நாய் முழுக்கச் சாம்பல், பாதத்தின் நுனியில் மட்டும் பளிச்சென்ற சிவப்பு. இதையே கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பும் ஒரு சாம்பலாகி ரோமத்தோடு கரைந்துவிடும்; வேடிக்கையே காணாமல் போகும். கலருக்கு அந்தப் படத்தில் ஒரு வேலை இருந்தது. என் கட்சி இதுதான்: வேலை இருந்தால் கலர், இல்லாவிட்டால் கறுப்பு வெள்ளை.

இதில் ஒரு குறும்பு உண்டு. நாயின் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்புச் செல்கள் இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பு மங்கிய பழுப்பாகத்தான் படும். மேன் ரேக்குத் தன் நக அலங்காரத்தின் அருமை தெரிந்திருக்க நியாயமில்லை.

1982இல், மேன் ரே இறந்த ஆண்டில், அதே கேமராவில் எடுத்த ‘டஸ்டட்’ படத்தில் நாயின் மேல் வெள்ளை மாவு கொட்டுகிறது. கலர் பிலிம்தான், ஆனால் பார்த்தால் ஏறக்குறைய கறுப்பு வெள்ளை. நிறத்தை அடக்கவும் அதற்குள் அவருக்குக் கை வந்திருந்தது.

போலராய்டு 2008இல் உடனடிப் பிலிம் தயாரிப்பை நிறுத்திவிட்டது. நம் கைப்பேசியில் பிலிம் தேடும் கஷ்டம் இல்லை. வீட்டு நாயை எப்போதும் கலரிலேயே எடுத்து வையுங்கள். கலரைக் கறுப்பு வெள்ளையாக்க ஒரு தட்டு போதும்; கறுப்பு வெள்ளையில் எடுத்ததில் போன நிறம் திரும்ப வராது.