கட்டிலுக்கு வந்த வானொலி



சுகமில்லாமல் படுத்திருப்பவருக்கு மருந்தும் சாப்பாடும் நித்திரையும் போதும், பாட்டும் பகிடியும் எழும்பி நடந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் எங்களில் பலர். ஆனால் நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டின் ஆஸ்பத்திரிகளில் நூறு வருடங்களாக ஒரு சிறிய வேலை சத்தமில்லாமல் நடந்து வருகிறது. ஆஸ்பத்திரி வானொலி என்று அதற்குப் பெயர். சம்பளம் வாங்காத அறிவிப்பாளர்களின் வேலை என்பதால், எமது நிலையத்துக்கு அது ஒருவகையில் மூத்த அண்ணன்.

1925இல் யோர்க் நகரத்துக் கவுண்டி ஆஸ்பத்திரியில் தோமஸ் ஹான்ஸ்டொக் என்பவர் 200 ஹெட்போன்களையும் 70 ஒலிபெருக்கிகளையும் பொருத்தினார். பிரித்தானியாவின் முதலாவது ஆஸ்பத்திரி வானொலி என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். தேவாலய ஆராதனையும் விளையாட்டு வர்ணனையும் கம்பி வழியே கட்டிலுக்கு வந்தன. பிபிசி தொடங்கி மூன்று வருடங்கள்தான் ஆகியிருந்தன. கொழும்பு வானொலியும் அதே வருடம் டிசம்பர் 16ஆம் திகதிதான் தொடங்கியது.

இதில் ஹெட்போனைக் கொஞ்சம் கவனியுங்கள். பக்கத்துக் கட்டிலில் ஒருவர் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பார். இந்தக் கட்டிலில் இருப்பவர் கிரிக்கெட் கேட்க விரும்புவார். இருவருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ஒரே அறையில் இடம் கொடுத்தது அந்தச் சிறிய கருவிதான்.

எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் சயரோகக் காலத்தைச் சேர்ந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை சயரோகத்துக்கு நல்ல மருந்து கிடையாது. சுத்தமான காற்று, சத்தான உணவு, அசையாமல் படுக்கை, இவைதான் வைத்தியம். அதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். அமெரிக்க எழுத்தாளர் பெட்டி மக்டொனால்ட் 1930களின் கடைசியில் சியாட்டில் நகரத்துச் சானடோரியம் ஒன்றில் கிடந்தவர். வாசிக்கக்கூடாது, எழுதக்கூடாது, கதைக்கக்கூடாது என்ற கட்டளைகளோடு சிரிக்கக்கூடாது என்ற கட்டளையும் அங்கே இருந்ததை அவர் தமது நூலில் பதிவு செய்திருக்கிறார். சிரித்தால் நுரையீரல் அசையும் அல்லவா!

இங்கிலாந்தில் சறே மாவட்டத்து மில்ஃபோர்ட் சானடோரியத்தில் 1948இல் இரண்டு பதினெட்டு வயதுப் பொடியன்கள் சந்தித்தார்கள். ஒருவர் கப்பல் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த அலன் சிம்ப்சன். நோய் முற்றி, ஒரு கட்டத்தில் பாதிரியார் வந்து கடைசி ஆசீர்வாதமும் கொடுத்துவிட்டுப் போன ஆள். மற்றவர் ரே கோல்டன். இருவருக்கும் அமெரிக்க வானொலி நகைச்சுவை என்றால் உயிர். சானடோரியத்தில் நோயாளர்களே நடத்திய ‘ரேடியோ மில்ஃபோர்ட்’ இருந்தது. அதற்கு இவர்கள் சிறிய நகைச்சுவைத் துண்டுகளை எழுதிக் கொடுத்தார்கள். எழுதியவனும் நோயாளி, கேட்டவனும் நோயாளி. அனுதாபம் காட்ட அங்கே ஆளில்லை. நகைச்சுவைக்கு அதைவிட நல்ல இடம் வேறென்ன!

சுகமாகி வெளியே வந்தபின் இருவரும் பிபிசிக்கு எழுதத் தொடங்கினார்கள். 1954இல் ‘ஹான்கொக்ஸ் ஹாஃப் அவர்’, 1962இல் ‘ஸ்டெப்டோ அன்ட் சன்’. பிரித்தானிய நகைச்சுவைத் தொடருக்கு உருவம் கொடுத்தவர்கள் என்று இவர்களைச் சொல்வார்கள். 1958இல் ஒலிபரப்பான ஒரு ஹான்கொக் பகுதியில் ஒன்றுமே நடப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெளியே போக வழியில்லை, வீட்டுக்குள் நான்கு பேர் கொட்டாவி விடுகிறார்கள். அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மணிக்கூட்டு முள் நகராத நாட்களை அறிந்தவர்களால் மட்டுமே அப்படி எழுத முடியும் என்பது என் எண்ணம். மில்ஃபோர்ட்டில் கிடந்த காலம் வீண்போகவில்லை. சிம்ப்சன் 2017இலும் கோல்டன் 2018இலும் காலமானார்கள். இருவரும் எண்பது வயதைத் தாண்டி வாழ்ந்தவர்கள்.

பிறகு வந்த வருடங்களில் ஒலிப்பதிவுக் கருவியும் இசைத்தட்டும் மலிந்தன. ஊருக்கு ஊர் ஆஸ்பத்திரி வானொலிகள் முளைத்தன. உள்ளூர் கால்பந்து ஆட்டத்தின் வர்ணனையைத் தொண்டர்கள் கட்டிலுக்கே கொண்டு வந்தார்கள். வார்ட் வார்ட்டாக நடந்து, என்ன பாட்டு வேண்டும் என்று கேட்டு எழுதி, இரவில் அந்தப் பெயரோடு ஒலிபரப்பினார்கள். பாட்டு ஒருபுறம் இருக்கட்டும். ஊசியோ மருந்துத் தட்டோ இல்லாமல் ஒருவர் கட்டிலடியில் வந்து நின்று ஐந்து நிமிடம் கதைப்பதே பெரிய விஷயம்.

சிரிப்பே மருந்து என்று சொல்வோர் நோர்மன் கசின்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியரை உதாரணம் காட்டுவார்கள். 1964இல் கடும் மூட்டு நோயில் விழுந்தவர், ஆஸ்பத்திரியை விட்டு ஹோட்டல் அறைக்கு மாறி, மார்க்ஸ் சகோதரர்களின் படங்களைப் போட்டுப் பார்த்துச் சிரித்தார். பத்து நிமிடச் சிரிப்பு இரண்டு மணி நேரம் வலியில்லாத நித்திரையைத் தந்தது என்று 1976இல் ஒரு மருத்துவ ஏட்டில் எழுதினார். ஒரே ஒரு பதிவை வைத்து ஐந்தொகை தயாரிக்க எனக்கு மனம் வராது. நோயை மாற்றியது சிரிப்புத்தானா என்பது வேறு விஷயம். நித்திரை வந்தது என்பதை மட்டும் ஏற்றுக்கொள்கிறேன். நோயாளிக்கு அதுவே பெரிய வரவு.

2000ஆம் ஆண்டில் இங்கே அரசாங்கம் தனது சுகாதாரத் திட்டத்தில் ஒரு வாக்குறுதி கொடுத்தது. 2004க்குள் பெரிய ஆஸ்பத்திரிகளில் கட்டிலுக்குக் கட்டில் தொலைக்காட்சியும் தொலைபேசியும் வரும் என்றார்கள். வந்தன, ஆனால் தனியார் கம்பனிகள் மூலமாக. தொலைக்காட்சிக்கு நாளொன்றுக்கு மூன்றரைப் பவுண் அளவில் கட்டணம். இரண்டு கிழமை கிடந்தால் 49 பவுண். வெளியிலிருந்து நோயாளியுடன் கதைக்க நிமிடத்துக்கு 49 பென்ஸ் வரை. இருபது நிமிடம் ஆறுதல் சொன்னால் 9 பவுண் 80 பென்ஸ். முறைப்பாடுகள் குவிந்து ஒவ்கொம் விசாரிக்க வேண்டிவந்தது. இவ்வளவுக்கும் நடுவே தொண்டர்களின் ஆஸ்பத்திரி வானொலி இலவசமாகவே கேட்டுக்கொண்டிருந்தது.

இனி எங்கள் பக்கம். அகதியாக வந்த எங்கள் தலைமுறையின் தாய் தகப்பன்மார் இந்த நாட்டு வார்ட்களில் படுக்கத் தொடங்கியபோது, இலவச ஹெட்போன் இருந்தும் அதற்குள் வந்த குரல் அவர்களுக்கு விளங்கவில்லை. இங்கிலிஷ் பகிடிக்கு எல்லோரும் சிரிக்கும்போது தனியே சிரிக்காமல் கிடப்பது, வலியோடு சேர்ந்த இன்னொரு வலி.

2003இல் என் பெரியம்மாவுக்கு இதயச் சத்திரசிகிச்சை நடந்தது. நாலாம் நாள் நான் ஒரு சிறிய கசெற் பிளேயரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இலங்கை வானொலியின் ‘கோமாளிகள் கும்மாளம்’, யாரோ முன்பு பதிந்து வைத்த இரைச்சல் பிரதி. ராமதாசின் மரைக்காரும், ராஜகோபாலின் அப்புக்குட்டியும், செல்வசேகரனின் உபாலியும், அப்துல் ஹமீதின் தணிகாசலமும் ஒரே வீட்டில் மாட்டிக்கொண்டு படும் பாட்டை மறந்திருக்க மாட்டீர்கள். 1976இல் ‘கோமாளிகள்’ என்று படமாகவும் வந்தது. இனங்களுக்குள் இவ்வளவு வெட்டுக்குத்து வந்தபிறகும், அந்த நாலு பேரின் நாலுவிதப் பேச்சைக் கேட்டால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும், கொஞ்சம் துக்கமும் வரும்.

நெஞ்செலும்பை அறுத்துக் கட்டியவர்கள் இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையை நெஞ்சோடு அணைத்துப் பிடிக்க வேண்டும். பெரியம்மா அப்பிடியே இரண்டு கையாலும் தலையணையைக் கட்டிப்பிடித்தபடி குலுங்கினா. நோகுது, நோகுது என்றா. நிற்பாட்டவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினா. என்ன பகிடி என்று தாதி கேட்டபோது அப்புக்குட்டியை இங்கிலிஷில் விளங்கப்படுத்த என்னால் முடியவில்லை.

இன்று பல ஆஸ்பத்திரி வானொலிகள் மூடப்பட்டுவிட்டன. நடப்பவற்றில் சில இணையத்திலும் ஒலிக்கின்றன. கையில் கைத்தொலைபேசி உள்ள முதியவருக்கு எமது நிகழ்ச்சியும் பழைய நாடகங்களும் கிடைக்கும். அதைத் திறந்து காதில் மாட்டிவிட யாராவது வேண்டும், அவ்வளவுதான். பார்வையாளர் நேரத்துக்குத் தோடம்பழத்தோடு போகிறவர்கள் ஒரு ஹெட்போனையும் கொண்டு போங்கள். ஊரிலிருந்து வந்த பெட்டிக்குள்ளோ மேல்மாடத்திலோ பழைய வானொலி நாடகக் கசெற் கிடந்தால் எங்களிடம் தாருங்கள். பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தருவோம். தபால் செலவு எங்களுடையது.