தோட்டம் போட்டவர் சிறைக்குப் போனார்!

நம்மில் பெரும்பாலோர் வீட்டுத் தோட்டம் போடும் லட்சணம் எப்படி? கிரகப்பிரவேசம் முடிந்து, கடன்காரர்களுக்கு எல்லாம் பைசல் பண்ணிவிட்டு, மிச்சம் மீதி இருந்தால் வாசலில் நாலு குரோட்டன்ஸ். காம்பவுண்டு ஓரமாக ஒரு செம்பருத்தி. தீர்ந்தது விஷயம்! முதலில் வீடு, மிஞ்சிய இடத்தில் தோட்டம் - இதுதான் நம் கணக்கு.

இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டவர் ஒருத்தர் பிரான்ஸில் இருந்தார். வீட்டையும் தோட்டத்தையும் ஒரே காகிதத்தில் வரையச் சொன்னார். ஐரோப்பாவே வாய் பிளந்து பார்க்கும்படி ஒரு தோட்டம் உருவாயிற்று. அதை நிதானமாக உட்கார்ந்து ரசிக்கத்தான் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. தோட்டத்தில் விருந்து வைத்த மூன்றே வாரத்தில் கைது. பிறகு சாகும்வரை சிறை!

அவர் பெயர் நிக்கோலா ஃபூக்கே. 1653-லிருந்து பிரான்ஸின் நிதி நிர்வாகத்தைக் கையில் வைத்திருந்தவர். இன்றைய பாஷையில் சொன்னால் நிதி அமைச்சர். கஜானா காலியாக இருக்கும்போதெல்லாம் எங்கிருந்தோ கடன் வாங்கி வந்து, ராஜாங்கத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அப்படி வாங்கியதில் அரசாங்கப் பணம் எது, அவர் சொந்தப் பணம் எது என்பது அவருக்கே தெரிந்திருந்ததா என்பது சந்தேகம்தான். அந்தக் காலத்து நிர்வாகம் அப்படி!

ஃபூக்கே குடும்பத்தின் சின்னம் - அணில். 'எந்த உயரத்துக்குத்தான் ஏறமாட்டான்?' என்ற அர்த்தத்தில் லத்தீனில் ஒரு வாசகம் வேறு அதன்கூட. அணில் ஏறிக்கொண்டே போயிற்று. கீழே ஒருத்தர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கோல்பெர். அவரது குடும்பச் சின்னம் என்ன தெரியுமா? பாம்பு!

*

பாரிஸுக்குத் தென்கிழக்கே, சுமார் 50 கி.மீ. தொலைவில் வோ-லெ-விகோம்த் என்ற நிலத்தை ஃபூக்கே 1641-லேயே வாங்கிப்போட்டிருந்தார். 1650-களின் பின்பாதியில் அங்கே வேலை சூடு பிடித்தது. கட்டடத்துக்கு லூயி லெ வோ. உள்ளே ஓவிய அலங்காரத்துக்கு ஷார்ல் லெ ப்ருன். தோட்டத்துக்கு ஆந்த்ரே லெ நோத்ர். இந்த மூன்று பேரையும் ஒன்றாகச் சேர்த்ததுதான் ஃபூக்கே செய்த பெரிய காரியம்.

லெ நோத்ருக்குத் தோட்டம் பரம்பரைத் தொழில். தாத்தா, அப்பா இருவருமே பாரிஸில் துய்லரி அரண்மனைத் தோட்டக்காரர்கள். ஆனால், பையன் இளம் வயதில் ஓர் ஓவியரின் பட்டறையில் போய் உட்கார்ந்தான். சிமோன் வூவே என்ற பிரபல ஓவியர் அவர். தூரத்தில் இருக்கும் பொருள் கண்ணுக்கு எப்படிச் சிறுத்துத் தெரியும், அதைக் காகிதத்தில் எப்படிக் கொண்டுவருவது - இந்த வித்தையெல்லாம் அங்கே பழக்கமாயிற்று. ஓவியன் காகிதத்தில் செய்வதை லெ நோத்ர் பிற்பாடு மண்ணில் செய்தார்.

எப்படி என்கிறீர்களா?

மாளிகையின் பின்பக்கப் படிக்கட்டில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எதிரே தோட்டம் முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. பச்சைக் கம்பளம் மாதிரி பாத்திகள், ஒரு வட்டக் குளம், அப்புறம் ஒரு சதுரக் குளம், அதன் கரையிலேயே குகை மாதிரி மாடங்கள் வைத்த ஒரு கல் சுவர், அதற்கும் மேலே புல் மூடிய சரிவு. 'அவ்வளவுதானே, பத்து நிமிஷம் நடந்தால் பார்த்துவிடலாம்' என்று இறங்கி நடக்கிறீர்கள். நடக்க நடக்க அந்தக் கல் சுவர் நகர்ந்துகொண்டே போகிறது! சதுரக் குளத்தைத் தாண்டியதும் காலடியில் தரை திடீரென்று கீழே இறங்க, அங்கே குறுக்காக ஏறத்தாழ 1 கி.மீ. நீளத்துக்கு ஒரு பெரிய கால்வாய்! வாசலிலிருந்து பார்த்தபோது அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. குளக்கரையில் இருப்பதாக நினைத்த சுவர் கால்வாய்க்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

மந்திரம் ஒன்றும் இல்லை. கணக்குதான். தூரத்தில் இருக்கும் குளத்தைக் கிட்டே இருப்பதைவிடப் பெரிதாக வெட்டினார் லெ நோத்ர். அதனால், வாசலிலிருந்து பார்க்கும்போது தூரமே தெரியவில்லை. தரையின் இறக்கத்தையும் வைத்துக்கொண்டு விளையாடினார். மேட்டை வெட்டிச் சமமாக்கிப் பணத்தைக் கரைப்பதற்குப் பதிலாக, பள்ளத்தையே கால்வாயை ஒளித்து வைக்கும் இடமாக்கிக்கொண்டார். அங்கே ஓடிய சின்ன ஆற்றின் தண்ணீர்தான் அந்தக் கால்வாயை நிரப்பியது. சதுரக் குளத்தில் மட்டும் நீரூற்று கிடையாது. வேண்டுமென்றேதான்! தண்ணீர் அசையாமல் இருந்தால்தானே தூரத்து மாளிகை முழுசாக அதில் தெரியும்?

தோட்டம் போட நினைக்கிற யாரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள விஷயம் இருக்கிறது. லெ நோத்ர் தன் வரைபடத்தைச் செடியிலிருந்து ஆரம்பிக்கவில்லை. வீட்டுக்காரர் எங்கே நின்று பார்ப்பார் என்பதிலிருந்து ஆரம்பித்தார். அடுத்தது தரையின் வாட்டம். அதற்கடுத்தது தண்ணீர். இந்த மூன்றும் முடிவான பிறகுதான் செடி, மரம் எல்லாம்! நாம்தான் முதல் வேலையாக நர்ஸரிக்கு ஓடுகிறோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். இந்த அழகுக்காக அங்கே இருந்த குக்கிராமங்கள் அப்புறப்படுத்தப்பட்டன. ஆயிரக்கணக்கான கூலியாட்கள் வருஷக்கணக்காக மண் சுமந்தார்கள். அவர்கள் பெயரெல்லாம் எங்கேயும் செதுக்கி வைக்கப்படவில்லை.

*

1661, ஆகஸ்ட் 17. மாலை.

ஃபோந்தேன்ப்ளோ அரண்மனையிலிருந்து ராஜா பதினான்காம் லூயி, தன் பரிவாரத்தோடு வோ-லெ-விகோம்த் வந்து இறங்கினார். ராஜாவுக்கு வயசு 22. அந்த வருஷம் மார்ச்சில்தான், அதுவரை ஆட்சியை நடத்திவந்த கார்டினல் மஸாரன் இறந்துபோயிருந்தார். 'இனி முதல் மந்திரியே கிடையாது. நானே ஆளப்போகிறேன்' என்று இளம் ராஜா அறிவித்துவிட்ட நேரம்.

விருந்து ஏற்பாடு வத்தேல். (பத்து வருஷம் கழித்து, இன்னொரு விருந்தில் மீன் வந்துசேரத் தாமதமானதால் மானம் போயிற்று என்று கத்தியில் பாய்ந்து உயிரை விட்டாரே... அதே வத்தேல்தான்!) தோட்டத்தில் மேடை போட்டு மோலியேரின் புது நாடகம். எழுதி ஒத்திகை பார்த்து மேடையேற்ற மோலியேருக்குக் கிடைத்தது பதினைந்து நாள்தான். நீரூற்றுகள் பொங்கின. ராத்திரி வாணவேடிக்கையில் வானம் பகலாயிற்று.

ராஜா அங்கே தங்கவில்லை. இரவோடு இரவாக ஃபோந்தேன்ப்ளோ திரும்பிவிட்டார்.

செப்டம்பர் 5 - ராஜாவின் பிறந்தநாள். நாந்த் நகரில் கூட்டம் முடிந்து வெளியே வந்த ஃபூக்கேவைப் படைவீரர்கள் வழிமறித்துக் கைது செய்தார்கள். கைது செய்த அதிகாரியின் பெயர் தார்த்தன்யான். ஆமாம், அலெக்ஸாந்தர் துய்மா பிற்பாடு தன் நாவலில் ஹீரோவாக்கிய அதே ஆசாமி!

'தன்னிடம் இல்லாத தோட்டம் மந்திரியிடம் இருக்கிறதே என்று ராஜா பொறாமைப்பட்டார். அதனால்தான் கைது' - இப்படித்தான் கதை சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், ஃபூக்கேவைக் கவிழ்ப்பது என்று விருந்துக்குச் சில மாதங்களுக்கு முன்பே ராஜா முடிவெடுத்துவிட்டார் என்பதுதான் வரலாற்று ஆசிரியர்களின் கருத்து. கணக்கு வழக்குகளைக் காட்டிக் காட்டி ராஜாவின் மனசைக் கலைத்துக்கொண்டிருந்தார் கோல்பெர். அட்லாண்டிக் கரையோரம் ஒரு தீவையே வாங்கி ஃபூக்கே அங்கே கோட்டையைப் பலப்படுத்திக்கொண்டிருந்தது வேறு ராஜாவை உறுத்தியது. பாரிஸ் நீதிமன்றத்தில் ஃபூக்கேவுக்கு ஒரு பெரிய பதவி இருந்தது. அது இருக்கும்வரை வேறு யாரும் அவரை விசாரிக்க முடியாது. அந்தப் பதவியையும் அவரே விற்கும்படி நைச்சியமாகச் செய்துவிட்டார்கள்!

எல்லாம் தயாரான பிறகு நடந்ததுதான் அந்த விருந்து. ஆக, தோட்டம் அவரைக் கவிழ்க்கவில்லை. கவிழ்த்தவர்களுக்குச் சாட்சி சொன்னது. 'இவ்வளவு பணம் ஏது?' என்ற கேள்விக்கு ஊரைக் கூட்டிப் பதிலைத் திறந்து காட்டியவர் ஃபூக்கேவேதான்.

வழக்கு மூன்று வருஷம் இழுத்தது. 1664 டிசம்பரில் தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகள் மரண தண்டனை கேட்டார்கள். பதின்மூன்று பேர் நாடு கடத்தினால் போதும் என்றார்கள். பொதுவாக ராஜாக்கள் தண்டனையைக் குறைப்பார்கள். இந்த ராஜா கூட்டினார்! நாடு கடத்தல், ஆயுள் சிறையாக மாறியது. ஆல்ப்ஸ் மலையோரம் பின்யெரோல் கோட்டை. மனைவி, பிள்ளைகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது 1679-ல்தான். அடுத்த வருஷமே ஃபூக்கே இறந்துபோனார். அவர் நட்ட மரங்கள் அதற்குள் நன்றாக வளர்ந்திருக்கும். அவர் பார்த்ததெல்லாம் கன்றுகளை மட்டும்தான்.

*

தோட்டம்?

ஆரஞ்சு மரங்களும் சிலைகளும் வண்டி ஏறி ராஜாவிடம் போயின. லெ வோ, லெ ப்ருன், லெ நோத்ர் - மூவரும் ராஜாவின் புதுக் கனவுக்கு வேலை செய்யப் போனார்கள். அந்தக் கனவின் பெயர் வெர்சாய்!

வோவில் ஆறு இருந்தது. வெர்சாயில் இருந்தது சதுப்பு நிலமும் ராஜாவின் பிடிவாதமும்தான். ஆயிரக்கணக்கில் நீரூற்றுகள் வைத்தாயிற்று, விட தண்ணீர் இல்லை. ராஜா உலாவ வரும்போது ஆட்கள் விசில் அடித்து ஒருவருக்கொருவர் தகவல் சொல்வார்கள். அவர் வரும் பக்கத்து ஊற்றைத் திறப்பார்கள். தாண்டிப் போனதும் மூடிவிடுவார்கள். ஸென் நதியிலிருந்து தண்ணீரை மேலே ஏற்ற மார்லி என்ற இடத்தில் 14 ராட்சதச் சக்கரங்களும் 221 பம்புகளும் கொண்ட ஒரு யந்திரம் 1684-ல் வந்தது. அதுவும் போதவில்லை. 1685-ல் வேறொரு ஆற்றைத் திருப்பிக் கொண்டுவரப் படைவீரர்களையே மண் வெட்ட அனுப்பினார்கள். காய்ச்சலில் ஏராளமானோர் மடிந்தார்கள். 1688-ல் போர் மூள, அந்த வேலை அப்படியே நின்றுபோயிற்று. பாதியில் நின்ற அந்தப் பாலத்தின் வளைவுகள் மந்தெனோன் என்ற ஊரில் இன்றும் நிற்கின்றன.

லெ நோத்ர் மட்டும் எல்லோருக்கும் நல்லவராகவே இருந்தார். பிரபு பட்டம் கொடுத்த ராஜா, 'குடும்பச் சின்னமாக என்ன வேண்டும்?' என்று கேட்டாராம். 'மூன்று நத்தை, மேலே ஒரு முட்டைக்கோஸ்' என்றாராம் இவர். தோட்டக்காரருக்கு வேறென்ன வேண்டும்! 1700-ல், 87 வயதில் இறந்தார்.

வோ தோட்டத்துக்குத்தான் சோதனைக்காலம். ஃபூக்கேவின் மனைவி போராடி எஸ்டேட்டைத் திரும்பப் பெற்றார். ஆனால், கட்டிக் காக்க முடியாமல் 1705-ல் விற்றுவிட்டார். அடுத்து வந்தவர்களுக்கு இத்தனை நீரூற்றுகளைப் பராமரிப்பது கட்டுப்படியாகவில்லை. பூமிக்கடியில் போட்டிருந்த ஈயக் குழாய்களைத் தோண்டி விற்றார்கள். 1847-ல் அப்போதைய சொந்தக்காரப் பிரபு, பாரிஸில் மனைவியைக் கொன்றுவிட்டு விஷம் குடித்துச் செத்துப்போக, மாளிகை ஏறத்தாழ முப்பது வருஷம் கேட்பாரற்றுக் கிடந்தது. லெ நோத்ர் வரைந்த கோடுகள்மீது புதர் மண்டியது.

தோட்டம் என்பது கட்டடம் மாதிரி இல்லை. கட்டடத்தைப் பூட்டிவிட்டுப் போனால், முப்பது வருஷம் கழித்துத் தூசி தட்டிக்கொள்ளலாம். தோட்டத்தை ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டாலே அது தன் இஷ்டத்துக்குக் காடாகிவிடும்.

1875-ல் ஏலம். எடுத்தவர் பிரபு இல்லை. அல்ஃப்ரெட் சொம்யே என்ற சர்க்கரை ஆலை முதலாளி! 17-ம் நூற்றாண்டில் அச்சிட்ட தோட்டத்துப் படங்களைத் தேடிப் பிடித்தார். 'இங்கே பாதை, இங்கே குளம்' என்று படத்தைப் பார்த்துப் பார்த்து மீட்டார். 1908-ல் சாகும்வரை, 30 வருஷத்துக்கும் மேலாக அதே வேலை. கடைசிச் சரிவின் உச்சியில் லெ நோத்ர் வைக்க நினைத்த ஹெர்குலிஸ் சிலை அங்கே வந்து நின்றதும் சொம்யேயின் காலத்தில்தான். ஒருத்தர் போட்ட திட்டத்தின் கடைசி வரியை, இருநூறு வருஷம் கழித்து இன்னொருத்தர் எழுதி முடித்தார்!

1968-ல் அந்தக் குடும்பத்தார் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். டிக்கெட் பணம் தோட்டத்துக்குச் சோறு போடுகிறது. அதற்காகக் கவலை தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மாளிகைக்கு எதிரே பூவேலைப்பாடு போல வெட்டி வளர்த்திருந்த பாக்ஸ் செடிகளைப் பூஞ்சையும் புழுவும் பிடித்து, 2019 வாக்கில் அவற்றைப் பிடுங்கவேண்டி வந்தது. அந்தப் பக்கம் வெர்சாயில் 1999 டிசம்பர் புயல், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மறுபடி குழி தோண்டினார்கள், மறுபடி கன்று நட்டார்கள்.

அணில் ஏறிய உயரம், பாம்பின் சாமர்த்தியம், ராஜாவின் கோபம் எல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன. வோவில் சதுரக் குளம் மட்டும் இன்னமும் மாளிகையை அப்படியே காட்டிக்கொண்டிருக்கிறது - யாரோ ஒரு தோட்டக்காரர் அதில் விழுந்த சருகுகளை அன்றன்றைக்கு எடுத்துப் போடுவதால்!